ஒரு வட்டத் தரை வேண்டும்: மதுரை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மாசி மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தம் 78ஆம் வயதில் காலமானார். நூற்பாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பதால், தெருவார் அழைத்தபடியே 'பிளேன்காரர்' என்று குறிப்பிடுகிறேன்; நான் அவரை 41 ஆண்டுகள் 'அண்ணே' என்றுதான் அழைத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் சிலர் தெருவுக்கு அவர் பெயரை வைக்கக் கேட்கலாம் என்றார்கள். மார்பளவுச் சிலை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த இரண்டையும் கேட்டு நான் இந்த மடலை எழுதவில்லை. வட்டமான ஒரு தரையைக் கேட்டு எழுதுகிறேன்.

அது எதற்கு என்று விளங்க வேண்டுமானால் அவர் என்ன செய்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஓய்வு நேரத்தில் பொம்மை விமானம் விடுகிற மனிதர் என்றே ஊரில் பலரும் எண்ணியிருந்தார்கள். 'ரிமோட் எங்கே?' என்று கேட்காதவர் எவரையும் நான் கண்டதில்லை. ரிமோட் கிடையாது. அவர் ஈடுபட்டிருந்தது 'கன்ட்ரோல் லைன்' எனப்படும் கம்பி விமானப் பந்தயம். பைலட்டின் கைப்பிடியிலிருந்து புறப்படும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் இடது இறக்கை வழியாக விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் 'பெல் கிராங்க்' என்ற சிறு நெம்புகோலைச் சென்றடையும்; கைப்பிடியைச் சற்றே சாய்த்தால் நெம்புகோல் திரும்பி, வால் மடல் அசைந்து, விமானம் ஏறவோ இறங்கவோ செய்யும். 1940களில் அமெரிக்காவில் ஜிம் வாக்கர் என்பவர் காப்புரிமை பெற்றுப் பரப்பிய முறை இது. பின்னாளில் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இதற்குப் பந்தய விதிகளை வகுத்து, 'எஃப்2சி' என்று ஒரு பிரிவையே ஏற்படுத்தியது.

அந்த விதிகளை அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். கம்பியின் நீளம் 15.92 மீட்டர். ஏன் இப்படி ஒரு கோணல் கணக்கு என்று நான் முதல் வாரத்திலேயே கேட்டேன். 'பெருக்கிப் பாரு தம்பி' என்று சொல்லிவிட்டு லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆரத்துக்கு ஒரு சுற்றின் நீளம் சரியாக 100 மீட்டர். 100 சுற்றுக்கு 10 கிலோமீட்டர். பெரியார் பேருந்து நிலையத்தில் கிளம்பித் திருப்பரங்குன்றத்தையும் தாண்டிப் போகிற தூரத்தை, நின்ற இடத்திலேயே சுழன்று முடிப்பதுதான் இந்தப் பந்தயம். எஞ்சின் 2.5 சிசிக்கு மேல் போகக் கூடாது. டேங்கில் 7 சிசிக்கு மேல் எரிபொருள் கொள்ளக் கூடாது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் அடங்கிவிடும் அளவு. ஒரே வட்டத்தில் மூன்று விமானங்கள் ஒன்றாகப் பறக்கும். மூன்று பைலட்டுகளும் 3 மீட்டர் ஆரமுள்ள நடுவட்டத்துக்குள் ஒருவரையொருவர் சுற்றி நடந்தபடியே, முந்தும்போது மற்றவரின் தலைக்கு மேலாகக் கையைத் தூக்கிக் கடத்த வேண்டும். அரைக் கிலோவுக்கும் குறைவான விமானம் அண்ணனுடைய வேகத்தில் சுழலும்போது கையை ஏறத்தாழ நான்கு கிலோ கனத்தோடு வெளியே இழுக்கும். தலை சுற்றாதா என்று கேட்பவர்களிடம், 'பிளேனையே பார்த்துக்கிட்டு இருந்தா ஊருதான் சுத்தும், நம்ம நிப்போம்' என்பார்.

எரிபொருள் தீர்ந்ததும் எஞ்சின் நின்று விமானம் மிதந்தபடி இறங்கும். வட்டத்தின் விளிம்பில் குந்தியிருக்கும் மெக்கானிக் அதன் இறக்கையை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, மறு கையிலிருக்கும் குழாயால் எரிபொருளைப் பாய்ச்சி, விரலால் புரொப்பல்லரைச் சுண்டி எஞ்சினை உயிர்ப்பித்து விட்டுவிட வேண்டும். தேர்ந்தவர்களுக்கு இதற்கு மூன்று வினாடி போதும். நான் அண்ணனுக்கு மெக்கானிக். என் வலது ஆள்காட்டி விரலில் இன்னும் நான்கு தழும்புகள் இருக்கின்றன. வாடிவாசலுக்கு எதிரே நிற்பவனின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது மதுரை மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே அடி எனக்கும் அடித்திருக்கிறது. திமிலுக்குப் பதில் இறக்கை, அவ்வளவே.

பள்ளி நாளில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்ததுதான் அவருக்குத் தொடக்கம். அதற்குப் பிறகு அவர் விடவில்லை. பால்சா மரப் பலகை ஈக்வடாரிலிருந்து வர வேண்டிய பொருள். அன்றைய மதுரையில் அதற்குக் கையில் காசும் இல்லை, கடையும் இல்லை. கல்யாண முருங்கைக் கட்டையை நிழலில் உலர்த்தி இழைத்து இறக்கைக்குப் பயன்படுத்தினார். நெட்டியும் மூங்கில் சிம்பும் பட்டக் காகிதமும் மற்றவற்றுக்கு. கல்கத்தாவில் தயாரான 'அரோரா' டீசல் எஞ்சின் ஒன்றை, இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து வாங்கினார். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் டீசல் அதில் ஓடாது. ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த கலவைதான் அதற்கு உணவு. தீப்பொறிச் செருகி கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே ஈதர் பற்றிக்கொள்ளும். (மந்தமானவனை 'விளக்கெண்ணெய்' என்று திட்டுகிற நம் ஊர் வழக்கம் அவருக்குப் பிடிக்காது. 'அது இல்லேன்னா பிஸ்டனு ரெண்டு நிமிஷம் தாங்காது' என்பார்.) அந்த எஞ்சினின் பிஸ்டன் தேய்ந்தபோது, ஆலையில் கற்ற கைத்திறத்தால் தாமே லேத்தில் கடைந்து, வளையம் எதுவும் இல்லாமல் சிலிண்டரோடு மயிரிழைகூட இடைவெளி விடாமல் இழைத்துப் பொருத்தினார். ஒரு பிஸ்டனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான் பார்த்த பொறியியல் பாடங்களில் மிகச் சிறந்தது அதுதான். பிற்பாடு கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்தும் அப்படி ஒன்றை நான் கற்கவில்லை.

வெளியூர்ப் போட்டிகளுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் மரப்பெட்டியோடு போவோம். பெட்டியில் என்ன என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டால், 'பிளேன் சார்' என்று சொல்லிவிட்டு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். பெரிய கோப்பை எதுவும் நாங்கள் கொண்டுவரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலக அளவில் தேர்ந்த அணிகள் 100 சுற்றை, நடுவே இறங்கி எரிபொருள் நிரப்பும் நேரத்தையும் சேர்த்து, மூன்று நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுகின்றன. அவர்களுடைய விமானங்கள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுபவை. எங்களுடைய ஆகச் சிறந்த நேரம் 4 நிமிடம் 52 வினாடி. 'அவங்களுக்கும் நமக்கும் ரெண்டே நிமிஷந்தான் தம்பி' என்று அதைப் பற்றிக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிடத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதில் ஒரு பகுதி தரையில் இருந்தது. இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். இறங்கும் விமானம் குழியில் தடுக்கினால் மூக்கு குத்திப் புரொப்பல்லர் முறியும். மண் தரையின் புழுதி எஞ்சினின் மூச்சுக்குழாயில் புகுந்து, மூன்று வாரம் இழைத்த பிஸ்டனை மூன்றே நாளில் தின்றுவிடும். நாங்கள் பழகிய இடங்களோ கோடையில் வறண்டு வெடித்த கண்மாய்த் தரையும், அறுவடை முடிந்த பொட்டலும், பள்ளி மைதானங்களும்தாம். தெப்பக்குளத்தில் நீர் இல்லாமல் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய காலத்தில், ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று ஏக்கத்தோடு பார்ப்பார். பார்த்ததோடு சரி, தெய்வத்தின் இடத்தில் எண்ணெய்ப் புகை கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு மைதானத்தில் எட்டு ஆண்டுகள் அனுமதித்தார்கள். பிறகு அங்கே கட்டடம் வந்தது. இன்னொரு மைதானத்துக்குக் குறுக்கே மின்கம்பி இழுத்தார்கள். அன்றோடு அங்கே பறக்க விடுவதை நிறுத்திக்கொண்டார். கையில் எஃகுக் கம்பியைப் பிடித்திருப்பவனுக்கு மின்கம்பியைவிடப் பெரிய எமன் கிடையாது. வட்டத்தின் விளிம்பிலிருந்து கம்பி நீளத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் பெட்டியைத் திறக்கவே மாட்டார். கடைசி ஒன்பது ஆண்டுகள் அவர் பந்தயம் விடவே இல்லை. மொட்டை மாடியில் எஞ்சினை மரத்தாங்கியில் பூட்டி ஓட விட்டுக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே, மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும் திறந்தவெளிகளில் ஏதேனும் ஒன்றில் ஒரு வளையத் தரை அமைத்துத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். முழு வட்டமும் கான்கிரீட்டாக இருக்க வேண்டியதில்லை. மையத்திலிருந்து 13 மீட்டரில் தொடங்கி 20 மீட்டரில் முடியும் வளையம் ஒன்று மட்டும் வழவழப்பான தரையாக இருந்தால் போதும்; அது சுமார் 725 சதுர மீட்டர்தான் வரும். நடுவில் பைலட்டுகள் நிற்க 3 மீட்டர் ஆரத்துக்கு ஒரு திட்டு வேண்டும். இடைப்பட்ட பகுதி புல்லாகவோ மண்ணாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். பறக்கும் நாளில் சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பி வலை வேண்டும். கம்பி அறுந்த விமானம் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், இந்த வலையைச் செலவென்று கருதித் தவிர்த்துவிடக் கூடாது. வாரத்தில் ஒரு காலை, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எங்களுக்குத் தந்தால் போதும். மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகலாம், சைக்கிள் பழகலாம், முதியவர்கள் நடக்கலாம். உள்விளிம்பை ஒட்டி நடந்தால் 12 சுற்றில் ஒரு கிலோமீட்டர் வரும்.

விமான நிலையம் இருக்கும் ஊரில் இதை அனுமதிக்கலாமா என்று உங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். கம்பியில் கட்டப்பட்ட விமானம் கம்பியின் நீளத்துக்கு மேல் ஏற முடியாது. செங்குத்தாகவே ஏறினாலும் நான்கைந்து மாடிக் கட்டடத்தின் உயரத்தோடு நின்றுவிடும், பந்தயத்திலோ தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில்தான் பறக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் ட்ரோன் விதிகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், விமான நிலையத்தாரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுவிடுவதே முறை. அந்தக் கடிதத்தை வரைந்து தரும் வேலையை நான் ஏற்கிறேன். சத்தத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். டீசல் எஞ்சின் வீறிடும். இப்போது பேட்டரி மோட்டாரிலும் இதே விமானங்கள் பறக்கின்றன. வீடுகள் நெருங்கிய இடமானால் பிள்ளைகளுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு அது ஆகாது. 'மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு' என்பார். ஆனால் தம் பேத்திக்கு முதல் விமானத்தைப் பேட்டரியில்தான் செய்து கொடுத்தார்.

அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் ஏறுதழுவுதலுக்கென்றே ஓர் அரங்கம் திறக்கப்பட்டதை நாமெல்லாம் பெருமையோடு பார்த்தோம். அதோடு இதை ஒப்பிட நான் துணியவில்லை. நான் கேட்பது அதன் வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்குக்கூட ஈடாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் விட்டுப் போனவை 11 விமானங்கள், ஓடும் நிலையில் 3 எஞ்சின்கள், ஒரு சிறு லேத்து, மேற்சொன்ன நோட்டு. காயலான் கடைக்காரர் ஒருவர் எடைக்குக் கேட்டு வந்து போனார். வீட்டார் கொடுக்கவில்லை, பொதுவில் பயன்படுமானால் தந்துவிடச் சம்மதம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று நல்ல மனத்தோடு சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்று நான் மறுப்பதற்குக் காரணம் உணர்ச்சி அல்ல. விளக்கெண்ணெய் காய்ந்தால் பிசினாகும். ஓடாமல் சில மாதம் கிடந்தாலே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சூடு காட்டித்தான் விடுவிக்க வேண்டியிருக்கும். ஆகவே அவற்றை ஒரு மாநகராட்சிப் பள்ளியின் பணிமனையில் வைத்து, வாரம் ஒரு முறையாவது ஓட விட வேண்டும். கற்றுத் தர நானும், அவரிடம் பழகிய இன்னும் நான்கு பேரும் கூலி இல்லாமல் வருவோம். எங்களில் இளையவருக்கே 50 வயது ஆகிவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு முறை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் பறக்க விட முடியாது; காற்று வரும் பக்கத்தில் விமானம் உள்ளே தள்ளப்பட்டுக் கம்பி தொய்ந்துவிடும், தொய்ந்தால் பிடி போய்விடும். ஆவணி பிறந்து காற்று தணிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நீங்கள் சொல்லும் எந்த மைதானத்துக்கும், மின்கம்பி மட்டும் அருகில் இல்லாதிருந்தால், அவருடைய கடைசி விமானத்தோடு நாங்கள் வருகிறோம். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். விளக்கெண்ணெய்ப் புகை துணியில் ஒட்டினால் இரண்டு சலவைக்கும் போகாது. ஆகையால் பழைய சட்டை ஒன்றை அணிந்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிளேன்காரரின் மெக்கானிக்
மதுரை