குழியில் விட்ட தண்ணீர்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே குளிர் எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டாகிவிட்டது. நான் எழுத வந்தது, நீ ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவுக்கு ஊட்டுகிறாயே, எண்ணெயிலிருந்து பிரியும் பிசுபிசுப்பான திரவம், அந்தக் கிளிசராலைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து பழைய சோப்புக் கொட்டகை நினைப்பாகவே இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக எண்ணெய் டின் வரும். காஸ்டிக் சோடாக் கரைசல் விட்டுக் காய்ச்சி உப்பைப் போட்டால் சோப்பு மேலே திரளும். தேங்காயெண்ணெய் சோப்பு லேசில் பிரியாது, உப்பை அள்ளி அள்ளிக் கொட்டவேண்டும். அடியில் தங்கும் பழுப்புத் தண்ணீரைப் பின்பக்கக் குழியில் திறந்துவிடுவேன். கிளிசரால் அதில்தான் போயிற்று என்பதை மகள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். குழியோரத் தென்னை இரண்டும் கருகி, உன் பெரியப்பாவிடம் வாங்கிய திட்டுதான் அந்தத் தண்ணீரால் நான் கண்ட வரவு.

தாவர எண்ணெயிலிருந்து 100 கிலோ பயோடீசல் என்ற எரிபொருளைச் செய்தால் 10 கிலோ அளவுக்குக் கிளிசரால் ஒதுங்குமாமே. அதைத் தின்று பாக்டீரியா தருகிற 1,3-புரொப்பேன்டையால் என்ற ரசாயனத்தைக் கொண்டு கம்பளத்துக்கு நூல் செய்யலாம் என்றாய். கள் புளிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாமல் இல்லை. காற்றில்லாத இடத்தில் கிளிசராலின் ஒரு பங்கைச் சிதைத்து அந்தப் பாக்டீரியா உயிர் பிழைக்கிறது. அப்போது மிஞ்சும் ஹைட்ரஜனை இன்னொரு பங்கின் தலையில் கட்டிவிடுகிறது. அப்படித் தலையில் கட்டியதுதான் நமக்குச் சரக்கு. கெட்டிக்காரப் பூச்சி! 1881இலேயே ஃப்ராய்ண்ட் என்பவர் இதைக் கண்டுவிட்டார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. நீ அதற்குப் பாட்டிலில் வாங்கிய தெளிந்த கிளிசராலை ஊட்டுகிறாய். பயோடீசல் ஆலையில் வடிவது அப்படியா இருக்கும்? மெத்தனால், உப்பு, சோப்பு எல்லாம் கலந்து கிடக்கும். காசு கொடுத்துச் சுத்தம் செய்தபிறகு கழிவு என்ன, மலிவு என்ன? அழுக்கோடு போட்டுப் பார். அதிலும் பிழைத்துக் கிடக்கிற பூச்சிதான் வேலைக்கு ஆகும்.

நீ வளர்க்கும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற அந்தப் பாக்டீரியா பற்றி மருந்துக்கடைத் தம்பியிடம் விசாரித்தேன். நுரையீரலில் நிமோனியா கொடுக்கும் ஜாதி என்கிறான். அம்மாவிடம் சொல்லவில்லை. கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம் என்ற இன்னொரு பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்யும் என்றாயே கண்ணு, அதற்கு மாற வழியுண்டா என்று உன் பேராசிரியரிடம் கேள். அதுவரை கையுறையைக் கழற்றாதே.

சோப்புக் கொப்பரை இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது. தை மாதம் நீ வரும்போது ஒருமுறை காய்ச்சி, அடித்தண்ணீரைக் கேனில் பிடித்துத் தருகிறேன். காஸ்டிக் காரம் நிறைய இருக்கும், அதை நீ பார்த்துக்கொள். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவாய் என்பதையும்.

அன்புடன்,
அப்பா