மூணாறு தலைப்பும் கீழ மூணு மாவும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அக்கா வந்துவிட்டுப் போனாள். நம் கீழ மூணு மா வயலின் சர்வே நம்பரைப் பெரியம்மா மகனிடம் கேட்டாயாம். எதற்கென்று நான் கேட்கப்போவதில்லை. உனக்குத் தெரியாததா, படித்தவன்.

நீடாமங்கலம் என்றால் யமுனாம்பாள் சத்திரத்தையும் சந்தானராமர் கோயிலையும் சொல்வார்கள். எனக்கு ஊர் என்றால் மூணாறு தலைப்புதான். கல்லணையில் பிரிகிற வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. ஒரு பக்கம் ஷட்டரை ஏற்றினால் இன்னொரு பக்கம் வயிறு காயும். ஊர்ச் சண்டை பாதி அங்கே தொடங்கியதுதான். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகுதான் தண்ணீர் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி பேச்சில் வந்தது. 1965-ல் ஆடுதுறை 27 வந்தது, 105 நாள் நெல். முதலில் குறுவை, அதை அறுத்த பிறகு தாளடி என்று வருஷத்தில் இரண்டு போகம் நெல் எடுக்கலாம் என்ற தைரியம் அப்போதுதான் பலருக்கு வந்தது.

கணக்கு உனக்கு மறந்திருக்கும். ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, 33 சென்ட். மனை போடுகிறவன் இதைச் சதுர அடி விலையில் பெருக்கிச் சொன்னால் யாருக்கும் மனசு ஆடும். ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் எவ்வளவு போகும் என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்வான். அவசரப்படாதே.

நம் மூணு மாவுக்குத் தனி மடை கிடையாது. மேலே இருப்பவர்கள் வயல் வழியாகத் தண்ணீர் வரும், நம் வயலைத் தாண்டித்தான் வடிகாலில் இறங்கும். நம் வயலில் மூணு அடி கிராவல் கொட்டினால் ஐப்பசி மழையில் மேல் வயல்கள் குளமாகும். நட்ட சம்பா ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அழுகும். மேலத்தெருக்காரர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மனை வாங்கினவன் சுவரோரமும் அதே தண்ணீர்தான் நிற்கும். 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றும் என்று சித்தப்பா சொல்கிறார். அது எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களுக்குத்தான் தடை. மனைக்கு இல்லை.

போன மாசம் உன் ஆபீஸ் போட்டோவைத் தெருவில் காட்டாத வீடில்லை. பொங்கலுக்கு மட்டும் உனக்கு லீவு கிடைப்பதில்லை.

வயல் சும்மா கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. தாளடி அறுப்புக்கு முன் மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்குப் பத்து கிலோ உளுந்து தெளித்தால் பனியிலேயே வளரும். கை அறுப்பென்றால் பத்து நாள் முன்பு தெளிக்கலாம். மிஷின் அறுப்பென்றால் நாலைந்து நாள் முன்பு போதும். முந்தினால் முளைத்தது வண்டிச் செயினில் நசுங்கும். நெல்லைக் களத்தில் நன்றாகக் காயவிட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதம் தாண்டினால் மூட்டை திரும்பி வரும். இதையெல்லாம் பார்க்க ஆள் இருக்கிறது, குத்தகைக்குக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்தில்லாமல் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அவசரப்படாதே.

பட்டா நகலும் பழைய பத்திரமும் அப்பா பெட்டியில் இருக்கின்றன. தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து, வடிகால் வரை நடந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள். ஐப்பசியில் வந்தால் நல்லது, அப்போதுதான் தண்ணீர் எப்படி ஓடுகிறதென்று தெரியும். தஞ்சாவூரிலேயே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறு. 1861-ல் தண்டவாளம் போட்டதிலிருந்து ஊருக்குப் பெருமைதான், ஆனால் கூட்ஸில் நெல் ஏற்றுகிற நாளில் ரயில்வே கேட் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மா