தலையை விடுங்கள், பூவைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ரோமானியச் செப்புக்காசுக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் நான்காம் படத்துக்குக் கீழே 'கைதியை இழுத்துச் செல்லும் பேரரசர்' என்று போட்டிருப்பது தவறு. அந்த உருவம் இடப்பக்கம் நோக்கி நடக்கிறது. தோளில் வெற்றிச் சின்னம் சாய்ந்திருக்கிறது. அது சிறகுள்ள வெற்றித் தெய்வம் விக்டோரியா. கி.பி. 380-களின் இறுதியில் தொடங்கி பேரரசர்கள் ஆர்க்காடியஸ், ஹோனோரியஸ் காலம் வரை ஓடிய காசு, 13 மி.மீ. விட்டம், ஒரு கிராமுக்குச் சற்று மேல். பேரரசரே கைதியை இழுக்கும் காசு வேறு. 364-ல் வாலண்டினியன், வாலன்ஸ் ஆட்சியில் வந்த அதில் அவர் கொடியேந்தி வலப்பக்கம் நடப்பார்; காசும் பெரிது, 17 மி.மீ. சுமார். தேய்ந்த காசில் சிறகும் தோள்சின்னமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் வரும் குழப்பம் இது. சிறகைத் தேடாதீர்கள், நடக்கும் திசையைப் பாருங்கள்.

தலைப்பக்கத்தை வைத்துக் காலம் சொல்லக் கட்டுரையாளர் படும் பாடு வீண். நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பாலான முகங்கள் ஒரே மாதிரி: முத்துப் பட்டம், வலப்பக்கப் பார்வை. காசு அடிக்கும் அச்சைவிடச் செப்பு வில்லை சிறிதாக இருப்பதால் பெயர் பாதி வெளியே போய்விடும். பூப்பக்கம் அப்படி ஏமாற்றாது. இரண்டு வீரர் நிற்கும் காசில் நடுவே கொடி இரண்டென்றால் 330 முதல் 335 வரை, எடை இரண்டரை கிராம் சுமார். ஒரே கொடியென்றால் அதற்குப் பின். எடையை ஒன்றரை கிராம் அளவுக்குக் குறைத்தபோதே கொடியும் ஒன்றானது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-ல் இறந்த பிறகும் அவருடைய மகன்கள் அதையே அடித்தார்கள். ஆகவே 'இரு வீரர் என்றால் கான்ஸ்டன்டைன்' என்பது பாதி உண்மைதான்.

பூப்பக்கத்தில் தரைக்கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகள் காசு அடித்த அக்கசாலை இருந்த ஊரின் பெயர்ச் சுருக்கம்: ஏ.என்.டி. என்றால் அந்தியோக்கியா, ஏ.எல்.இ. என்றால் அலெக்சாந்திரியா. கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் கிடைத்த சிறு காசுகளில் பெரும்பாலும் இந்த இடம்தான் தேய்ந்திருக்கும். ஒரே விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துக் காசை மெல்லச் சுழற்றினால், நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழலில் எழுந்து வரும்.

எனக்குப் பயம் தருவது பெட்டிச் செய்திதான். 'புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று தெரியும்' என்கிறீர்கள். குத்துவிளக்குக்குச் சரி. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த காசில் உருவத்தின் மேற்பரப்பு பெரும்பாலும் களிம்பில்தான், அதாவது செம்பின் மேல் படிந்து இறுகிய படலத்தில்தான், தங்கியிருக்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்தால் குழிகுழியான செம்புதான் மிஞ்சும். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலீஷ் எல்லாம் இதே கேடுதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, மண் இளகியதும் பூதக்கண்ணாடி வைத்து மரப் பல்குச்சியால் மட்டும் நெருடி எடுக்க வேண்டும். ஊசி கூடாது.

துடைத்த பிறகும் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால் அது களிம்பல்ல. உள்ளே தங்கிய குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்கிறது. அந்தக் காசைத் தனியே பிரித்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. ஆல்பம் உறை எந்தச் செப்புக்காசுக்கும் வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசுக்கு கக்கும்.

அடுத்த முறை காசுப் படம் போடும்போது இரு பக்கத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு, எடையையும் விட்டத்தையும் கீழே தந்தால், இப்படிக் கடிதம் எழுதும் வேலை எங்களுக்குக் குறையும்.

— வாசகர், மதுரை