சிரிப்பு அந்த 14 ஃபிரேமில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கயோட்டி என்ற அமெரிக்கக் காட்டு விலங்கு, ரோட் ரன்னர் என்ற பறவையைப் பிடிக்கத் துரத்தித் துரத்தித் தோற்கும் ‘ரோட் ரன்னர்’ கார்ட்டூன் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் சில திருத்தங்கள்.

1949 செப்டம்பரில் வெளியான முதல் படத்திலேயே அந்த விலங்குக்கு ‘வைல் ஈ. கயோட்டி’ என்ற பெயர் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஓட்டத்தை நிறுத்தி ஒரு போலி லத்தீன் பெயரைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். இந்தப் பெயர் வந்தது 1952இல், பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலிடம் கயோட்டி வாய்திறந்து பேசும் வேறொரு படத்தில். ரோட் ரன்னரின் ‘பீப் பீப்’ குரலும் பின்னணிக் குரல் நடிகர் மெல் பிளாங்க் கொடுத்ததல்ல. ஸ்டுடியோவின் பின்னணி ஓவியர் பால் ஜூலியனுடையது. கயோட்டியை ‘ஓநாய்’ என்பதைவிட ‘நரி’ என்றாலே பொருந்தும். உருவத்திலும் பிழைப்பிலும் நம்மூர் நரிக்குத்தான் அது கிட்டத்தில் நிற்கிறது. ரோட் ரன்னரோ குயில் குடும்பம், நம் செண்பகத்துக்குப் பங்காளி. நிஜத்தில் கயோட்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும், அந்தப் பறவைக்கு 30ஐத் தாண்டுவதே பெரும்பாடு!

வேகமும் வெடிச்சத்தமும்தான் சிரிப்பு மூட்டுகின்றன என்று கட்டுரையாளர் முடித்துவிட்டதுதான் சரியில்லை. கயோட்டி மலையுச்சியிலிருந்து விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியாகச் சிறுத்து மறைய 18 ஃபிரேம், அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் 18 தனிப் படங்கள். பிறகு 14 ஃபிரேமுக்கு ஒன்றுமே நடக்காது. அதற்கப்புறம்தான் அடியில் புழுதி. நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால், அந்த வெறும் இடம் அரை நொடிக்குச் சற்றே கூடுதல். 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை என்று இயக்குநர் சக் ஜோன்ஸே சொல்லியிருக்கிறார். முதல் படத்தில் வரும் ஃபிரிட்ஜ் சங்கதியும் இதே கணக்குத்தான். முதுகில் ஃபிரிட்ஜ்; அதிலிருந்து ஐஸ் கட்டிகள் கறி அரைக்கும் மெஷினில் விழுந்து, பனித்தூளாகக் காலுக்கு முன்னால் கொட்டும்; அதன்மேல் சறுக்கிக்கொண்டு போகிறது கயோட்டி. மலை விளிம்பு தாண்டியும் அந்தரத்திலேயே சறுக்குகிறது. ஐஸ் தீர்ந்த பிறகுதான் விழ வேண்டும் என்பது மைக்கேல் மால்டீஸ் கதையின் நியாயம்.

இவ்வளவு நுணுக்கமாக எண்ணி வைத்ததை வீட்டு டிவி சுலபமாகக் கெடுத்துவிடும். படம் ஏறக்குறைய சதுரமான பழைய தியேட்டர் அளவு. திரை நிறைய ‘ஜூம்’ செய்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, அடியில் எழும் புழுதி காணாமல் போகும். இரு ஓரமும் கறுப்பாகவே இருக்கட்டும். அடுத்து டிவி செட்டிங்கில் இருக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’. இது இரண்டு ஓவியங்களுக்கு நடுவே இல்லாத ஓவியத்தைத் தானாகச் செருகும். வேகத்தைக் காட்ட வேண்டுமென்றே இழுத்து வரைந்த உருவங்கள் குழம்பிப்போகும், அணைத்துவிடுங்கள். பழைய டிவிடிகளில் சில, நொடிக்கு 25 ஃபிரேமாக ஓடும். அதில் படம் 4 சதவீதம் வேகமாகி, கார்ல் ஸ்டாலிங்கின் இசையும் கொஞ்சம் கீச்சென்றிருக்கும்.

புளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம். ஒலி 0.2 நொடி பிந்தினால் ஏறக்குறைய 5 ஃபிரேம் போச்சு. புழுதி எழுந்து அடங்கத் தொடங்கும்போது ‘தொப்’ கேட்கும். ஒயர் ஸ்பீக்கர் இல்லையென்றால் டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும்.

— வாசகர், திருச்சி