கிளாரினெட் ஏறும் அந்த ஒரு மூச்சு

குயின்ஸ், நியூயார்க்
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வேலை, வாடகை, குளிர் ஆகிய மூன்றைத் தவிர உன் கடிதத்தில் வேறு எதுவும் இருப்பதில்லை, அந்த ஊர் ஜனங்கள் எதைக் கண்டு மனம் குளிர்கிறார்கள் என்று எழுது என்று போன முறை கேட்டிருந்தீர்கள். அதற்கு எழுதத் தகுந்த விஷயம் போன சனிக்கிழமை மாலைதான் எனக்குக் கிடைத்தது.

பரிசோதனைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி, தன் கணவருக்கு உடல்நிலை சரியில்லாததால், அவருக்காக வாங்கிய கச்சேரிச் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய அரங்கு இல்லை. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றின் கலையரங்கம். வாசித்தவர்களும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. பகலில் கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு வாரம் ஒருநாள் மாலையில் கூடிப் பயிற்சி செய்கிற அறுபது எழுபது பேர். அன்றைக்குக் கடைசியாக அவர்கள் வாசித்தது ஜார்ஜ் கெர்ஷ்வின் இயற்றிய 'ராப்சடி இன் ப்ளூ'. பியானோ ஒன்றும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற, ஏறத்தாழ பதினாறு பதினேழு நிமிடம் ஓடுகிற உருப்படி அது. ஜாஸ் இசையின் சுரங்களையும் தாளத்தையும் மேற்கத்திய செவ்வியல் மேடைக்குக் கொண்டுவந்த இசை என்று அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். விமான நிறுவனமொன்றின் விளம்பரத்தில் துண்டு துண்டாகக் கேட்டும் இருக்கிறேன். ஆனால் நேரில் கேட்பது வேறு என்பதை அந்த அரங்கில் உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

என் இருக்கை மாடியில் முதல் வரிசை. கீழே உட்கார்ந்தவர்களுக்குப் பியானோவின் திறந்த மூடி பின்னால் இருப்பவர்களை மறைத்துவிடும். எனக்கு ஊதுகருவிக்காரர்கள் எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். நான் முதல் முறையாகக் கேட்க வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும், பேத்தியிடம் சொல்வதுபோல என் முழங்கையைத் தொட்டு, "பியானோவைப் பார்க்காதே, இரண்டாவது வரிசையில் கிளாரினெட் வைத்திருக்கிற பெண்ணின் விரல்களைப் பார்" என்றார். அந்தப் பெண் வாத்தியத்தின் நாணல் தகட்டை உதட்டில் வைத்து ஈரமாக்கி, எடுத்துப் பார்த்து, மறுபடியும் ஈரமாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் எந்த வாத்தியமும் வாசிக்காது. மொத்த இசையும் அவள் ஒருத்தியின் மூச்சில்தான் தொடங்க வேண்டும். இருமல்கூட இல்லாமல் அரங்கம் அடங்கிவிட்டது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்து வரப்போகிற ஒலி மனப்பாடம். அப்படியிருந்தும், இதுவரை கேட்டே இராத ஒன்றுக்குக் காத்திருப்பதுபோல அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

தாழ்ந்த சுரம் ஒன்று பக்கத்துச் சுரத்தோடு மாறி மாறி அதிர்ந்தது. பிறகு அது ஏறத் தொடங்கியது. படிப்படியாக ஏறிக்கொண்டிருந்த சுரங்கள் பாதி வழியில் ஒன்றோடொன்று கலந்து, எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாதபடி குழைந்து வழுக்கி மேலே போய் நின்றன. அப்பா, அந்த நேரத்தில் உங்கள் நினைவு வந்து தொண்டையை அடைத்தது. திருச்சி வானொலியில் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட் வாசிக்கும்போது, "சாவி வைத்த வெள்ளைக்காரன் வாத்தியத்தில் இப்படி ஜாரு பிடிக்கிறாரே" என்று கண்ணை மூடிக்கொண்டு தலையசைப்பீர்களே, அந்த வழுக்கல்தான் இது. ராகம் இல்லை, நம் கமகத்தின் இலக்கணமும் இல்லை. ஆனாலும் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவாமல் தடவிக்கொண்டே போகிற ஆசை இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பெண் துளைகளின் மேலிருந்து விரல்களைத் தூக்கவில்லை. ஒவ்வொன்றாக மெல்ல நகர்த்தி விலக்கினாள், தொண்டையாலும் உதட்டாலும் ஒலியைத் தாங்கிப் பிடித்தாள். உச்சியில் போய் நின்றதும் அரங்கம் முழுவதும் மூச்சு விட்டது எனக்குக் காதில் கேட்டது.

கெர்ஷ்வின் எழுதியது இந்த வழுக்கலே இல்லையாம். தாளில் அவர் எழுதியது 17 சுரங்கள் கொண்ட ஓர் ஓட்டம் மட்டுமே. ஒத்திகையில் ராஸ் கோர்மன் என்ற கிளாரினெட் கலைஞர் வேடிக்கைக்காக அதை இழுத்துக் குழைத்து வாசிக்க, கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போய், அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார். 1924 பிப்ரவரி 12 அன்று பிற்பகல், மன்ஹாட்டன் 42ஆம் தெருவிலிருந்த ஏயோலியன் ஹால் என்ற கச்சேரி அரங்கில் பால் வைட்மன் என்பவரின் ஜாஸ் குழு அதை முதன்முதலாக மேடையேற்றியபோது, பியானோவில் உட்கார்ந்தவர் 25 வயது கெர்ஷ்வினே. அதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்புதான், தான் ஜாஸ் இசையில் ஒரு பெரிய உருப்படி எழுதிக்கொண்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்த செய்தி அவர் கண்ணில் பட்டது. அவரோ அதுவரை ஒரு வரிகூட எழுதத் தொடங்கவில்லை. அவசரமாகப் பியானோவுக்கு எழுதிக் கொடுக்க, வைட்மன் குழுவுக்கு இசை எழுதிக் கொடுத்த ஃபெர்டி குரோஃபே அதை மற்ற வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதினார். பியானோ தனியாக வரும் இடங்களில் சிலவற்றை எழுதி முடிக்கவே நேரமில்லாததால், முதல் நாள் மேடையில் கெர்ஷ்வின் கற்பனையாக வாசிக்க, அவர் தலையசைக்கும்வரை குழு காத்திருக்க வேண்டும் என்று குரோஃபே தாளில் குறித்து வைத்திருந்தாராம்.

நாற்பது வருஷம் பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்த உங்களுக்கு இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பாஸ்டனுக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, தண்டவாளத்தின் தடதடப்பிலிருந்துதான் இந்த இசையின் முழு அமைப்பும் தன் மனத்தில் எழுந்ததாகக் கெர்ஷ்வினே சொல்லியிருக்கிறார். பின்பாதியில் பியானோ இரண்டு கைகளாலும் ஒரே சுரத்தை மாற்றி மாற்றி மிக வேகமாகத் தட்டுகிற இடம் ஒன்று வருகிறது. எனக்கு அது காவிரிப் பாலத்தில் ஏறுகிற வண்டியாகவே கேட்டது.

அதற்குச் சற்று முன்பு வயலின்களும் மற்றத் தந்தி வாத்தியங்களும் சேர்ந்து எடுக்கிற மெதுவான பாட்டைத்தான் இந்த ஊர் ரசிகர்கள் உயிராக நினைக்கிறார்கள். அது வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மையாரின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. அந்த இடத்தில் பித்தளைக் கொம்பு வாசித்தவருக்கு ஒரு சுரம் பிளந்துவிட்டது. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. மாறாக, அடுத்த சுற்றில் அவர் அதைச் சரியாகப் பிடித்தபோது பின்வரிசையில் யாரோ "ஆ" என்று சொன்னது கேட்டது. நம் ஊர் சபையில் "பலே" என்று எழுகிற குரலுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கடைசி ஒலி அடங்குவதற்கு முன்பே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இசை நடத்துநர் பியானோ வாசித்தவரை வணங்கச் சொன்னார்; பிறகு கிளாரினெட் பெண்ணை எழுப்பினார். அப்போது எழுந்த கைதட்டல்தான் எல்லாவற்றிலும் பெரியது. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிறுமியாக அப்பாவோடு வந்து முதலில் கேட்டதாகவும், அதற்குப் பிறகு எத்தனை முறை நேரில் கேட்டேன் என்று எண்ணி வைக்கவில்லை என்றும் சொன்னார். "இசைத்தட்டு எப்போதும் ஒரே மாதிரிதான் வாசிக்கும், இவள் இன்றைக்கு எப்படி ஏறப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது, அதற்காகத்தான் வருகிறேன்" என்றார்.

வெளியே வந்த பிறகும் படிக்கட்டில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். குரோஃபே முதலில் ஜாஸ் குழுவுக்கு எழுதிக் கொடுத்த 1924ஆம் ஆண்டு வடிவத்தில்தான் துடிப்பு இருக்கிறது என்று ஒருவர் வாதாட, 1942இல் பெரிய இசைக்குழுவுக்கு எழுதிய வடிவத்தில் வயலின்கள் பாடுகிற அந்தப் பாட்டுக்கு ஈடில்லை என்று மற்றொருவர் மறுத்தார். இந்த ஊரின் புகழ்பெற்ற இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன், இது ஒட்டுப்போட்ட துண்டுகள்தானே தவிர முறையாகக் கட்டிய இசை இல்லை என்ற கருத்தில் எழுதியவர். அவரே 1959இல் பியானோவும் வாசித்து, குழுவையும் நடத்தி இதைப் பதிவு செய்தார், அந்தப் பதிவை இன்றைக்கும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள். குறை தெரிந்தும் விட முடியாத அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஒட்டுத் தெரிகிற இடங்களில்தான் அடுத்து என்ன வருமோ என்று மனம் முன்னால் சாய்கிறது. ஜாஸ் பிறந்தது கறுப்பின மக்களின் நடுவில், முதல் நாள் மேடையிலிருந்ததோ வெள்ளையர்களின் குழு என்ற வருத்தத்தையும் அந்தப் படிக்கட்டில் ஒரு கறுப்பின இளைஞர் சொன்னார். அது நியாயமான வருத்தம் என்றே நினைக்கிறேன். சொன்னவரும் கடைசிவரை எழுந்து நின்று கைதட்டியவர்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயில் பிடித்து 42ஆம் தெருவுக்குப் போனேன். ஏயோலியன் ஹால் இருந்த கட்டடம் பிரையன்ட் பூங்காவுக்கு எதிரே இன்னும் நிற்கிறது. இப்போது அது கண் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி. ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோருக்கு புரூக்ளினில் பிறந்து, 38 வயதிலேயே இறந்துபோன ஒருவர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். மூன்று வருஷமாக இந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், நின்றது அன்றைக்குத்தான்.

ஜூன் மாதம் நீங்கள் இங்கே வரும்போது இந்த உருப்படியை யாராவது வாசிக்கிறார்களா என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். வாசித்தால் மாடியில் முதல் வரிசையில் இரண்டு சீட்டு வாங்கிவிடுவேன். அதுவரை யாருடைய கைப்பேசியிலும் இதைக் கேட்டுவிடாதீர்கள் அப்பா. கிளாரினெட் முதன்முதலாக ஏறும்போது நான் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி