முந்தின இரவே நறுக்கிவிடாதீர்கள்

விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிய சமையலறைகளை நிர்வகிப்பவர்களுக்கு,

வணக்கம். சில வருடங்கள் ஒரு மாணவர் விடுதியில் காய் நறுக்கும் வேலை பார்த்தவள் நான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுநாளுக்கான கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, வாடிவிடக் கூடாதே என்று அண்டாத் தண்ணீரில் போட்டு வைப்போம். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டுவோம். அப்புறம் காய் முங்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டுவோம். சத்தில் ஒரு நல்ல பங்கைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மனசு ஆறவில்லை.

வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற பி வைட்டமின்கள், பொட்டாசியம் எல்லாம் தண்ணீரில் கரைபவை. வைட்டமின் சி-க்குக் காற்றும் சூடும்கூட ஆகாது. காய் முழுசாக இருக்கும்வரை தோல் காப்பாற்றும். கத்தி பட்டதும் செல்கள் உடைந்து, அதுவரை ஒதுங்கியிருந்த நொதிகள் வெளியே வந்து, காற்றோடு சேர்ந்து வைட்டமின் சி-யைச் சிதைக்கத் தொடங்கும். பொடியாக நறுக்க நறுக்க இழப்பும் கூடும்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிக் கிடந்த மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். சில நாட்களில் தேறினார்கள். அதே மனிதர், நீண்ட பயணத்தில் சாறு கெடாமலிருக்க அதைச் சூட்டில் சுண்டவைத்துப் புட்டியில் அடைக்கலாம் என்றும் சொன்னார். சுண்டியதில் மருந்தாக இருந்த சத்தே பெருமளவு அழிந்துபோனது. வைட்டமின் சி என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

நான் கேட்பது முதலில் வேலை நேரத்தில் ஒரு மாற்றம். இரவில் நறுக்குகிறவர்களைக் காலையில் வரச் சொல்லுங்கள். முழுக் காயாகக் கழுவிவிட்டு, அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன் பெரிய துண்டுகளாக நறுக்கட்டும். ஆவியில் வேகவைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் கொஞ்சமாகத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன்பின் காயைப் போட்டு மூடுங்கள். மீந்த தண்ணீர் சூப்புக்கோ குழம்புக்கோ போகட்டும். பச்சை நிறம் மங்காமலிருக்கச் சமையல் சோடா போடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது வைட்டமின் சி-யையும், தயாமின் என்ற பி வைட்டமினையும் சேர்த்தே அழிக்கிறது.

ஆள் போதாது என்பீர்கள். சரி, உண்மைதான், நானே அந்த அவசரத்தில் இருந்தவள். இரவில் நறுக்கியே ஆகவேண்டிய நாளில் தண்ணீரில் ஊறவிடாமல், மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். உறையவைத்த பட்டாணி, பீன்ஸ் வாங்குவதிலும் தவறில்லை. பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறையவைத்த காயில், நாலு நாள் வெளியே கிடந்து வாடிய காயைவிட அதிகச் சத்து இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் பச்சையாகப் பரிமாறுங்கள் என்று சொல்லவில்லை. கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் கொஞ்சம் எண்ணெயோடு வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

இருப்பு அறையையும் ஒருமுறை பாருங்கள். கீரையை வந்தவுடன் குளிரில் வைக்க வேண்டும். பழுத்த தக்காளி பக்கத்தில் இருந்தால் அது விடும் எத்திலீன் வாயுவில் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். உருளைக்கிழங்குக்கு இருட்டான, காற்றோட்டமுள்ள இடம் போதும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிட்டால் சோலனின் என்ற நச்சு கூடியிருக்கும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் உறுத்துவது. கடைசி வரிசையில் வருகிறவருக்குக் கிடைப்பது, இரண்டு மணி நேரம் அடுப்பிலேயே சூடாகக் கிடந்த காய். அந்தச் சூட்டிலும் சத்து போய்க்கொண்டேதான் இருக்கும். மொத்தமாக ஒரே தடவையில் செய்யாமல் இரண்டு தவணையாகச் சமைக்க முடியுமா என்று பாருங்கள். நோயாளிகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் வேறு தட்டைத் தேடிப் போக வழியில்லை. நீங்கள் வைப்பதுதான் அவர்கள் சாப்பாடு.

ஒரு வாரம், ஒரே ஒரு காய்க்கு மட்டும் முயன்று பாருங்கள். கோஸிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் சமையலறை ஒன்றில் வேலை பார்த்த ஒருத்தி