தஞ்சாவூர் மேல வீதி வீட்டுக் கிணறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நல்லா இருக்கேன். முட்டி வலி மட்டும் விட்டு விட்டு வருது, மாத்திரை போட்டா அடங்கிடுது. ஞாயித்துக்கிழமை நீ போன்ல வீட்டைக் கொடுத்துட்டு மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் லிஃப்ட் வெச்ச அபார்ட்மெண்ட்டா பாத்துக்கலாம்மான்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணுமே பேச வரல, நெட்வொர்க் சரியில்லன்னு சொல்லி வெச்சுட்டேன், பொய்தான். அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

நம்ம கொல்லைக் கிணறு ஞாபகம் இருக்கா? நீ அஞ்சாவது படிக்கிறப்ப வத்திப்போய் அப்பா மேல கம்பி வலை போட்டு மூடினாரே, அதான். தெருவுல ஆளாளுக்கு போர்வெல் போட்டாங்க, நாமளும்தான் போட்டோம், கிணறு என்ன பண்ணும் பாவம். இந்த சித்திரையில ஒருநாள் மல்லிச்செடிக்கிட்ட குப்பையக் கூட்டுறப்ப சும்மா வலையை நகத்திட்டு ஒரு சின்னக் கல்லைப் போட்டேன், ப்ளக்னு சத்தம் கேட்டுச்சு, எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு. எதிர்வீட்டு ராயர் மாமியைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமா பழைய தாம்புக்கயித்துல வாளியைக் கட்டி இறக்கினோம். முந்தி 24 முழம் போகும், இப்ப 15 முழத்துலயே வாளி சாஞ்சுது தம்பி. முதல் தண்ணி கலங்கலா, இலை மக்கின வாடையோட வந்துச்சு, நாலாவது வாளி கண்ணாடி மாதிரி. மாமி ஒரு கை அள்ளி தலையில தெளிச்சுக்கிட்டாங்க.

எல்லாம் நம்ம மேல வீதி ஐயங்குளத்தால வந்தது. நீ சின்ன வயசுல பாத்தப்ப குப்பையும் முள்ளுமா கிடந்துச்சே, அதை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல தூர் வாரி கரை கட்டி விட்டாங்க. அப்பதான் சிவகங்கைக் குளத்துலேருந்து ஐயங்குளத்துக்கு பூமிக்கடியிலயே தண்ணி வர்ற வழி ஒண்ணு இருக்குறதையும் தேடிப் புடிச்சு சுத்தம் பண்ணினாங்க. நாயக்கர் காலத்துக் கட்டுமானம். ஊருக்கு வெளிய சேவப்ப நாயக்கன் ஏரி, அதுல தெளிஞ்ச தண்ணி பெரிய கோயில் பக்கத்துல சிவகங்கைக்கு வரும், அங்க இன்னும் தெளிஞ்சு ஐயங்குளத்துக்கு, அங்கேருந்து அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் ஊறும். உன் அப்பாயி "நம்ம தெருவுக்கு அடியில ஆறு ஓடுதுடி"ன்னு சொல்லும்போதெல்லாம் நான் வயசான பேச்சுன்னு நினைச்சேன். இன்னைக்கு நினைச்சா வேதனையா இருக்கு, ஒரு தடவையாவது உக்காந்து கேட்டிருக்கலாம்.

பாப்பாவுக்கு நம்ம தெருவைப் பத்தி சொல்லியிருக்கியா? பங்காரு காமாட்சியம்மன் கோயில், காஞ்சிபுரத்துலேருந்து கலகத்துக்குப் பயந்து அம்மனைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சு கடைசியில இங்க வந்து சேந்தாங்க, அந்த பூஜை பண்ணின குடும்பம்தான் சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான சியாமா சாஸ்திரி குடும்பம். அவர் இருந்ததும் மேல வீதிதான். பரதநாட்டியத்துக்கு இன்னைக்கு இருக்குற முறையை அமைச்சுக் கொடுத்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு நாலு பேர் வீடும் இதே வீதி. பாப்பா அங்க டான்ஸ் கிளாஸ் போறாளே, அவ கத்துக்குற அலாரிப்பு ஜதிஸ்வரம் வரிசையெல்லாம் இந்த வீதி ஆளுங்க பண்ணினதுன்னு சொல்லு, சந்தோஷப்படும்.

ஆளு குறைஞ்சு போச்சு, அது உண்மைதான், உங்கிட்ட மறைக்கல. வரிசையில பாதி வீடு கடையாவும் குடோனாவும் ஆயிருச்சு, திண்ணையை இடிச்சு ஷட்டர் போட்டுட்டாங்க. ராத்திரி ஒம்போதுக்கு மேல தெருவே வெறிச்சுன்னு இருக்கு. ஆனா வைகாசி திருவோணத்துக்கு நீ வந்து பாக்கணும். இருபத்துநாலு பெருமாளும் கருட வாகனத்துல கொங்கணேஸ்வரர் கோயில் வாசல்ல வந்து நின்னு, ஒண்ணு பின்னால ஒண்ணா நாலு ராஜ வீதியும் சுத்துறப்ப, வித்துட்டுப் போனவங்க அத்தனை பேரும் வந்து நிக்கிறாங்க தம்பி. போன வருஷம் நம்ம திண்ணையில மட்டும் பதினேழு பேர். எல்லாருக்கும் மோர் கலந்தேன், ராயர் மாமி ஒரு அடுக்கு நிறைய டாங்கர் பச்சடி கொண்டாந்தாங்க. கோலம் போட்ட இடத்தைத் தொட்டுப் பாத்துட்டு ஒரு அம்மா, இங்கதான் எங்க வீட்டுப் படி இருந்துச்சுன்னு ஷட்டர் முன்னால நின்னு அழுதுச்சு. 2015ல பெரிய கோயில் தேர் நூறு வருஷத்துக்கு அப்புறம் ஓடினப்பவும் இப்படித்தான், உங்கப்பா உடம்புக்கு முடியாம இருந்தும் வாசப்படியில நாற்காலி போடச் சொல்லி தேர் அசைஞ்சு வர்றதைக் கும்பிட்டாரு. உனக்கு அனுப்பின வீடியோவுல என் விசும்பல் கேட்டிருக்கும்.

விக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. எனக்கப்புறம் நீ என்ன பண்ணினாலும் சரிதான். ஆனா நான் இருக்குற வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம். மாடிப்படி ஏற முடியலன்னா கூடத்துலயே படுத்துக்குறேன், மாமி பக்கத்துல இருக்காங்க.

ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டு வெச்சிருக்கேன். புதுக் கயிறும் வாங்கியாச்சு, பாப்பா கைக்குத் தோதா சின்ன வாளி ஒண்ணு கீழவாசல் கடையில சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வைகாசிக்கு லீவு கிடைக்குமான்னு ஆபீஸ்ல இப்பவே கேட்டு வை, மருமகளையும் கேக்கச் சொல்லு.

அம்மா